மேலதிகப்பற்றும் மனைவியின் கொப்பியும்

2022 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், யாழ்ப்பாண நகரிலுள்ள புத்தகக்கடை ஒன்றுக்கு நான் எழுதிக்கொடுத்த 6,500 ரூபாக் காசோலை திரும்பி வந்தது. அதனுடன் இணைக்கப்பட்டிருந்த துண்டில் 'எழுதியவரைக் கேட்கவும்' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. வங்கிகளின் மொழியில் இதைவிட நாகரிகமான வசை வேறில்லை. கடைக்காரர் என் நீண்டகால நண்பர். அதைப்பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை கடைக்குப் போனபோது தேநீர் வரவழைத்துத் தந்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து காசோலையை எடுத்து என் பக்கம் மெல்லத் தள்ளினார். அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேலாக ஊராருடைய கணக்கு வழக்குகளை எழுதிப் பிழைத்த எனக்கு, அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

நடந்தது இதுதான். மாதமுடிவில் வங்கி தன் வட்டியைக் கணக்கில் பற்று வைத்தது. அந்த வட்டியினாலேயே என் மேலதிகப்பற்று எல்லை தாண்டிப் போயிற்று. மறுநாள் வந்த காசோலைக்கு இடமிருக்கவில்லை. வங்கியில் பிழையில்லை. கணக்குக் கூற்றை உறையைப் பிரிக்காமலே அலுமாரிக்குள் போட்டுவந்த என்னிடமே பிழை இருந்தது.

இந்த மேலதிகப்பற்று எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2018 இல் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. அதே வருடம் மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இரண்டும் ஒரே காலத்தில் வந்தமையால் 3 இலட்சம் ரூபா எல்லையுடைய மேலதிகப்பற்று வசதி ஒன்றை நடைமுறைக் கணக்கில் பெற்றுக்கொண்டேன். சம்பளம் அந்தக் கணக்குக்கே வந்தது, இரு நண்பர்கள் பிணை நின்றார்கள். "தேவைப்பட்டால் எடுங்கோ, இல்லாட்டில் விடுங்கோ" என்றார் அப்போதிருந்த முகாமையாளர். அதிலுள்ள பொறி எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன. வங்கிக் கடனுக்கு மாதத் தவணை உண்டு, முடிவுத் தேதி உண்டு. மேலதிகப்பற்றுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. சம்பளம் வந்ததும் கணக்கு சற்று நிமிரும், பத்தாம் திகதிக்குள் மீண்டும் குனிந்துவிடும். கூரை வேலை முடிந்து, மகள் இரண்டாம் வருடத்துக்குப் போன பின்னரும், என் கணக்கு 3 இலட்சம் ரூபா பள்ளத்திலேயே கிடந்தது. அதனை நான் கடன் என்று நினைக்கவில்லை. என்னுடைய பணம் என்றே நினைத்தேன். இதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது.

சில காலம் நிலைமை தாங்கக்கூடியதாக இருந்தது. 2020 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மத்திய வங்கி சில கடன்களுக்கு உச்சவட்டி விதித்தது. கடனட்டைக்கு 18 வீதம், முன்னேற்பாட்டுடனான தற்காலிக மேலதிகப்பற்றுக்கு 16 வீதம், நகை அடகுக்கு 10 வீதம். 3 இலட்சத்துக்கு 16 வீதமென்றால் மாதம் 4,000 ரூபா. ஒரு சிறு வீட்டு வாடகை போலக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு 2022 வந்தது. சித்திரை 12 ஆம் திகதி நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியிருந்தது. முன்பு சொன்ன உச்சவரம்புகளும் அந்தச் சித்திரையோடு நீங்கின. திறைசேரி உண்டியல்களின் வட்டியே 30 வீதத்தைத் தொட்ட வருடம் அது. கார்த்திகையில் என் மேலதிகப்பற்றுக்கு 32 வீதம். மாத வட்டி 4,000 ரூபாவிலிருந்து 8,000 ரூபாவாயிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். பத்திரிகைத் தொழிலுக்கோ அச்சுத்தாளே இல்லை. கொழும்பில் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்கள் அவ்வருட மார்ச்சில் தாளின்றிச் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த நேர்ந்ததை வாசகர் அறிவர். நாங்கள் பக்கங்களைக் குறைத்தோம். பக்கம் குறைந்தபோது கொடுப்பனவுகளும் குறைந்தன.

அக்காலத்தில் அரசைக் கண்டித்து ஆசிரியத் தலையங்கம் எழுதும்போதெல்லாம் எனக்குள் ஒரு குரல் சிரித்துக்கொண்டிருக்கும். 2007 இல் 50 கோடி டொலருக்கு முதலாவது சர்வதேசப் பிணைமுறியை விற்று, பின்னர் பழைய கடனைப் புதிய கடனால் அடைத்துக்கொண்டே வந்த அரசுக்கும், பத்தாம் திகதிக்குள் சம்பளத்தைத் தின்றுவிட்டு மேலதிகப்பற்றில் காலந்தள்ளிய ஐம்பதைத் தாண்டிய உதவி ஆசிரியனுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

காசோலை திரும்பிய செய்தி எப்படியோ பரவியிருக்கவேண்டும். அல்லது அது தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு வாரத்துக்குள் மூன்று வழிகள் என் வாசலுக்கு வந்தன.

முதலாவதாக வந்தவர், ஸ்ரான்லி வீதியில் அலுவலகம் வைத்திருந்த நிதிக் கம்பனி ஒன்றின் இளைஞர். கழுத்துப்பட்டி, கையில் கணிப்பான், வாயில் தேன். "சேர், உங்கட ஓ.டி. 32 வீதம். நாங்கள் மாதம் இரண்டு வீதம்தான். வருசத்துக்கு 24. மூண்டு இலட்சத்தையும் நாளைக்கே அடைச்சுப்போடலாம்" என்றார். 36 மாதத் தவணை, மாதம் 14,333 ரூபா. 32 ஐ விட 24 சிறிது என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நானும் கிட்டத்தட்ட ஒப்பமிட்டுவிட்டேன்.

அன்றிரவு பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். மூன்று வருடத்தில் நான் கட்டப்போவது மொத்தம் 5,16,000 ரூபா. வட்டி மட்டும் 2,16,000. பதினெட்டு மாதம் கழிந்தபின் முதலில் கணிசமான பங்கு அடைந்திருக்கும், ஆனால் வட்டியோ தொடக்கத்தில் வாங்கிய முழு 3 இலட்சத்துக்கும் கடைசி மாதம் வரை அறவிடப்படும். மேலதிகப்பற்றில் அப்படியில்லை. அங்கே அன்றன்று மிஞ்சியிருக்கும் கடனுக்குத்தான் வட்டி. இளைஞர் சொன்ன 24 வீதத்தை அந்த முறைக்கு மாற்றினால் 39 வீதத்துக்கு மேல் வருகிறது. பத்திரச் செலவும் காப்புறுதியும் அதற்கு வேறு. இந்த மாற்றுக் கணக்கைச் செய்ய எனக்கு இரண்டு மணிநேரம் பிடித்தது. கலைப் பட்டதாரிக்கு அது அதிகமில்லை.

இரண்டாவது வழி சீட்டு. எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய்ச்சி இருக்கிறார், நாணயமானவர். முதல் மாதமே சீட்டை எடுத்துக்கொள்ளலாம், கழிவுதான் கொஞ்சம் கூட என்றார். கழிவு என்று நாம் சொல்லுவது முன்கூட்டியே கொடுக்கும் வட்டி. பணம் தேவைப்படாதவன் சீட்டில் சேமிக்கிறான், தேவைப்படுகிறவன் அவனுக்கு வட்டி கொடுக்கிறான். கடைசிச் சீட்டு எடுப்பவனாக இருந்தால் நான் மகிழ்ச்சியோடு சேர்ந்திருப்பேன்.

மூன்றாவது வழியை நானே கொண்டுவந்தேன், அதுதான் வெட்கக்கேடு. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணைநின்று எடுக்கும் நுண்கடன். அயலில் ஒரு குழு இருந்தது. மனைவியின் பெயரில் எடுத்தால் என்ன என்று ஒரு மாலை அவளிடம் கேட்டேன்.

நான் இதைக் கேட்கக்கூடாதவன். 2009 இல் போர் முடிந்து ஏ9 வீதி திறந்தபின் பொதிசுமக்கும் லொறிகளோடு நிதிக் கம்பனிகளும் வடக்கே வந்தன. வீடு, தொழில், துணை என எல்லாவற்றையும் இழந்திருந்த பெண்களிடம் அவை பிணை கேட்கவில்லை, கூட்டம் மட்டும் கூடச் சொன்னன. கிழமைக்குக் கிழமை மரத்தடியில் கூட்டம், அதில் வசூல். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளைப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட மற்றக் கம்பனியில் எடுத்து, அதைக் கட்ட மூன்றாவதில் எடுத்த பெண்களை நான் நேரிற் கண்டு எழுதியிருக்கிறேன். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2018 இல் அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. அவ்வருட செப்டெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் குவான் பாப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, வசூலிப்பவர்கள் சில பெண்களிடம் பாலியல் ரீதியாகவும் நெருக்குதல் கொடுப்பதாகப் பகிரங்கமாகவே கூறினார். இவற்றையெல்லாம் செய்தியாகவும் கட்டுரையாகவும் எழுதிய அதே கையால், நான்கு வருடம் கழித்து, என் மனைவியை அந்த மரத்தடிக்கு அனுப்பப் பார்த்தேன்.

அவள் கோபிக்கவில்லை. அரிசி அரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் பேப்பரில எழுதினதை நான் வாசிச்சனான். நீங்கள் வாசிக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

பிறகு உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்துவந்தாள். முன்பள்ளி ஆசிரியையாக இருபது வருடம் வேலை செய்தவள். வீட்டுச் செலவு முழுவதையும் தேதி போட்டு எழுதிவைத்திருந்தாள். மண்ணெண்ணெய், மரக்கறி, கோயில் அர்ச்சனை, நான் கேட்டு வாங்கிய பஸ்காசு எல்லாம் அதில் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று, வங்கி வட்டி. அதை அவள் அறிந்திருக்கவில்லை. நான் சொல்லவில்லை. அன்று முதற்றடவையாக அலுமாரியிலிருந்த உறைகளையெல்லாம் எடுத்து இருவரும் நிலத்தில் பரப்பிவைத்துப் பிரித்தோம். நான்கு வருடத்தில் கட்டிய வட்டி மட்டுமே இரண்டு இலட்சம் ரூபாவைத் தாண்டியிருந்தது. முதலில் ஒரு சதமும் குறையவில்லை. அவள் அந்தத் தொகையைக் கொப்பியில் எழுதிவிட்டு, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

இங்கே நகையைப்பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பணமுடை என்றால் கால் தானாகக் கஸ்தூரியார் வீதிக்குத் திரும்பும், அல்லது வங்கியின் அடகுப் பிரிவுக்கு. வட்டி குறைவென்றால் அடகு கெட்ட வழியில்லை என்பதே என் எண்ணம். ஆனால் 2022 இன் கடைசியில் அடகு வட்டியும் ஏறியிருந்தது. மேலும், 1995 ஐப்பசி இடப்பெயர்வில் சாவகச்சேரியில் வைத்துத் தன் காப்புகளை அரைவிலைக்குக் கொடுத்தவள் என் மனைவி. மிஞ்சிய சங்கிலியை மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் வேறொன்று இருந்தது. 1,20,000 ரூபா நிலையான வைப்பு. 2021 இல் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தது, வட்டி 7 வீதம். மகளுக்கென்று வைத்தது, அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு எழுதாத சட்டம்.

அவளே கேட்டாள்: "அதுக்கு அவங்கள் ஏழு தாறாங்கள். உங்களிட்ட முப்பத்திரண்டு எடுக்கிறாங்கள். ஏன் ரெண்டையும் வைச்சிருக்கிறம்?"

மாதம் 700 ரூபா வரவுக்காக, அதே தொகையின் மீது மாதம் 3,200 ரூபா செலவழித்துக்கொண்டிருந்தோம். நம்மவர்களில் எத்தனை பேர் ஒரு வங்கிப் புத்தகத்தில் சேமிப்பையும் மறு புத்தகத்தில் கடனையும் வைத்துக்கொண்டு, முன்னதைப் பார்த்து மட்டும் நித்திரை கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கொண்டேன். வைப்பை முறித்தோம். காலத்துக்கு முன் முறித்ததற்கான கழிவு போக 1,18,000 ரூபா கணக்குக்குப் போயிற்று. அன்று அவள் அழவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

அடுத்ததாக என்னிடமிருந்த பழைய பத்திரிகைகள். தாள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய கடதாசிக்கும் மவுசு வந்திருந்தது. கடைக்காரர்கள் சரை சுற்ற அடித்துப்பிடித்து வாங்கினார்கள். பின்னறையில் கூரைவரை அடுக்கியிருந்தேன். 1981 இல் நூலகம் எரிந்த நகரத்தில் பிறந்தவனுக்குக் கடதாசியை வெளியே கொடுப்பது இலேசில்லை. ஒரு மாதம் இருந்து பிரித்தேன். அரியவற்றை மின்வருடலுக்காக நூலகம் நிறுவனத்தினருக்குக் கொடுத்தேன். என் பெயரில் வந்தவற்றை வெட்டி வைத்துக்கொண்டேன். மிச்சம் தராசில் ஏறியது. 11,000 ரூபா கிடைத்தது. அதில் ஒரு கட்டில் சுற்றிய கடலை எனக்கே ஒருநாள் நல்லூர் வீதியில் கிடைத்தது. நான் எழுதிய பத்தியில்லை, நல்ல வேளை.

மார்கழித் தொடக்கத்தில் கடன் 1,71,000 ரூபாவுக்கு இறங்கியிருந்தது. மாத வட்டி 8,000 இலிருந்து 4,560 ஆயிற்று. இனித்தான் உண்மையான வேலை. குறைந்த வட்டியைக் கண்டு மகிழ்ந்து செலவழித்தால் ஆறு மாதத்தில் பழைய பள்ளம். ஆகவே முன்பு வட்டியாகப் போன 8,000 ரூபாவைத் தொடர்ந்து கட்டுவது, அதற்குமேல் 6,000 ரூபா தேடிச் சேர்த்து மாதம் 14,000 போடுவது என்று தீர்மானித்தோம். எரிபொருளுக்கு கியூ.ஆர். அட்டைப் பங்கீடு வந்த காலமாதலால் மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே பாதி ஓய்வில் இருந்தது. கோண்டாவிலிலிருந்து அலுவலகத்துக்குச் சைக்கிளிற் போகத் தொடங்கினேன். இரவில் மொழிபெயர்ப்பு வேலைகளை ஏற்றுக்கொண்டேன். காஸ் அடுப்புக்குப் பதில் விறகு. இவையெல்லாம் அக்காலத்தில் பலரும் செய்தவையே, வீரச்செயல்கள் இல்லை.

வங்கிக்கும் போனேன். புதிய முகாமையாளர் என் மகன் வயதுக்காரர். எனக்குச் சலுகை வேண்டாம், ஒரு தடை வேண்டும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மாதாமாதம் நான் அடைக்க அடைக்க மேலதிகப்பற்றின் எல்லையையும் 10,000 ரூபாவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், அப்போது நானே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது என்று விளக்கினேன். "ஐயா, எல்லாரும் கூட்டச் சொல்லித்தான் வாறவை" என்று சிரித்தார். கடிதம் எழுதிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார். சம்பளம் வந்த அன்றே 20,000 ரூபாவை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கத்தையும் விட்டேன். வட்டி நாள் மீதிக்குக் கணிக்கப்படுவதால், அந்தப் பணம் பதினைந்து நாள் கணக்கிலேயே கிடந்தால் 260 ரூபாவளவில் மிஞ்சும். அன்றைய விலையில் ஒரு கிலோ அரிசி.

இடையில் சறுக்கவும் செய்தது. 2023 ஆனியில் உறவில் ஒரு செத்தவீடு. 18,000 ரூபா போயிற்று, எல்லையைக் குறைத்ததால் அந்த மாதம் மொழிபெயர்ப்புக் காசையும் சேர்த்தே சமாளிக்கவேண்டியிருந்தது. ரொறன்ரோவிலுள்ள மைத்துனர் தொலைபேசியில், "அத்தான், எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, நான் போட்டுவிடுறன்" என்றார். கைமாற்றுக்கு வட்டியில்லை, கணக்குப்படி அதுவே மிகச் சிறந்த கடன். வேண்டாமென்றேன். இதில் நான் செய்தது சரியா என்று இன்றும் நிச்சயமில்லை. வட்டியில்லாக் கடனை மறுத்து, வட்டிக் கடனில் எட்டு மாதம் கூடுதலாக இருந்தேன். அவர் இரண்டு வேலை செய்து வீட்டுக்கடன் கட்டுபவர் என்பது ஒரு காரணம். மற்றது வெறும் வீம்பு.

அவ்வருட ஓகஸ்டில் மத்திய வங்கி மீண்டும் உச்சவரம்பு விதித்தது. அடகுக்கு 18 வீதம், முன்னேற்பாட்டு மேலதிகப்பற்றுக்கு 23, கடனட்டைக்கு 28. அது என்னைக் காப்பாற்றியது என்று சொல்லமுடியாது, ஆனால் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளியது.

இந்தப் பதினேழு மாதத்தில் நம்மூரின் பழைய கடன் முறைகளைப்பற்றியும் வாசித்தேன். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றிக்கு இடமுண்டு. காணியைக் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைக்க, வட்டிக்குப் பதில் அவன் விளைவை அனுபவிப்பான். வட்டிக்கு வட்டி ஏறாத கடன் அது, ஆனால் மீட்கமுடியாமல் மூன்று தலைமுறை ஒற்றியிலேயே கிடந்த காணிகளும் உண்டு. 1911 இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் இலங்கையில் வந்தது. யாழ்ப்பாணத்தவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டனர். 1936 இல் மூளாயில் ஓர் ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக நடத்தத் தொடங்கினார்கள். இன்றும் கூட்டங்கள் நடக்கும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கியது. 1961 இல் தோன்றிய மக்கள் வங்கிகூடக் கூட்டுறவு வங்கியொன்றின் அடித்தளத்திலேயே எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர், நுண்கடனுக்கு மாற்று ஊர்ச் சிக்கனக் கடனுதவிச் சங்கங்களே என்று தொடர்ந்து எழுதி வருகிறார். அவரைப் பேட்டி கண்டவர்களுள் நானும் இருந்திருக்கலாம், ஆனால் எங்கள் ஊர்ச் சங்கத்தில் அங்கத்தவனாக இருக்கவில்லை. முடை வந்தபின் போய்க் கேட்டபோது, பொருளாளர் பணிவாகச் சொன்னார்: "அண்ணை, முதல்ல கொஞ்சக்காலம் சேமிக்கவேணும்." நியாயந்தான். அப்போதே மாதம் 500 ரூபாவுடன் சேர்ந்தேன்.

2024 சித்திரைப் புத்தாண்டுக்கு முதற்கிழமை கடைசித் தொகையைக் கட்டினேன். முகாமையாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஐயா, எல்லாம் சரி. வசதியை மூடாமல் வைச்சிருப்பமோ? அவசரத்துக்கு உதவும்" என்றார். அவர் தன் கடமையைச் செய்தார். இரத்துச் செய்யும் கடிதத்தை முதல்நாளே எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன். பிணைநின்ற நண்பர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவருக்கு அங்கிருந்தே தொலைபேசியில் சொன்னேன். தான் பிணைநின்றதையே அவர் மறந்திருந்தார்.

புத்தகக்கடை நண்பருக்கான 6,500 ரூபாவை எப்போதோ காசாகக் கொடுத்துவிட்டேன். திரும்பிய காசோலை மட்டும் மனைவியின் கொப்பிக்குள், இரண்டு கோடு போட்ட பக்கத்தில் கிடக்கிறது. சென்ற மாதம் அதை எடுத்துக் கிழிக்கப்போனேன். "வையுங்கோ அதை அங்கேயே" என்றாள் குசினிக்குள் இருந்து. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள்.